பக்கவாட்டில் கட்டிய நங்கூரம்

தட்டிப் பார்க்காதீர்கள் சார். படகைத் தடவிப் பார்க்கலாம், ஒரு முனையைத் தூக்கிக்கூடப் பார்க்கலாம், தட்ட மட்டும் வேண்டாம். உள்ளே இப்போது வெறும் காற்றுதான். காயப்போட்டு நாற்பது நாளாகிறது. இருந்தாலும் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும், அது எனக்கு ஆகவில்லை. ஜெசிந்தா, என் மனைவி, துணி காயப்போட வரும்போது வாளி இதன்மேல் இடித்தால்கூட நான் வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அவள் ஒன்றும் கேட்பதில்லை. அது அவள் வழக்கம். அதைப் பற்றியும் சொல்லவேண்டும்.

உட்காருங்கள். அந்த நாற்காலியை முருங்கை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், விற்கிறேன், விற்காமல் என்ன. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் இதில் நான் என்னென்ன வேலை செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் 'கடலில் மீன் பிடிக்க முழுதாகத் தயார் செய்யப்பட்ட கயாக்' என்று போட்டிருந்தேன் அல்லவா? பொய் இல்லை. முழுதாகத்தான் தயார் செய்தேன். செய்யாமல் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு உங்களிடம் பேச முடியாது. எனக்கு ஒரு மைத்துனன் இருக்கிறான், பெல்லார்மின். ஜெசிந்தாவின் தம்பி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஃபைபர் வள்ளம் வைத்துத் தொழிலுக்குப் போகிறவன். நாங்கள் ஊர் திரும்பி ஒன்றரை வருஷத்தில், கடலிலிருந்து வந்தால் குளிப்பதற்கு முன்னால் ஒரு பை மீனை அந்த கேட்டில் மாட்டிவிட்டுத்தான் போவான். நாற்பது நாளாக அவன் இந்தப் பக்கம் வரவில்லை. கோயில் கொடியேற்றம் வந்தது, பொது விருந்தாக அசனம் வந்தது, ஊரே வந்து சாப்பிட்டது, இந்த வாசலை அவன் மிதிக்கவில்லை. நான் என்ன செய்துவிட்டேன் சொல்லுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் இருபத்திரண்டு வருஷம் ஆக்லாந்தில் இருந்தேன் சார், நியூசிலாந்து. துறைமுகத்தில் எந்தக் கப்பல் எப்போது எந்தத் தளத்தில் கட்டவேண்டும் என்று நேரம் வகுக்கிற வேலை. என் அப்பாவும் துறைமுகம்தான், தூத்துக்குடியில் எழுத்தர். பரவர் வீட்டில் பிறந்தும் கடலில் முழங்கால் நனையாமல் வளர்ந்தேன். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். இரண்டு மொழியிலும் கடலைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். மீன் பிடிக்க மட்டும் தெரியாது. அதை அங்கே போய், ஒரு வெள்ளைக்காரப் பல் மருத்துவரிடம், முப்பத்தேழு வயதில் கற்றுக்கொண்டேன். கயாக் ஓட்டவும் அவரிடம்தான். அவர் எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வார். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுத்தான் கடலில் இறங்குவார். நானும் ஒன்பது வருஷம் அப்படியே ஒட்டினேன்.

இந்தக் கயாக்கை, மூடிவிட்டுப் போன ஒரு கடற்கரை விடுதியில் வாங்கினேன். அங்கே வருகிறவர்கள் கரையோரம் கால்மணி நேரம் ஓட்டி விளையாட வைத்திருந்தது. பாருங்கள், ஒருவர் துடுப்புப் போடுகிற சின்னப் படகு, உள்ளே உட்காருகிற வகை இல்லை, மேலே உட்காருகிற வகை. சுற்றிலும் மூடின ஒரு பிளாஸ்டிக் கூடு, அதன்மேல் இருக்கை. தூண்டில் வைக்க இடம் இல்லை, நங்கூரம் கட்ட இடம் இல்லை. எல்லாம் நானாகச் சேர்த்தது.

கொண்டுவந்து இறக்கிய அன்று பெல்லார்மின் வந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன அத்தான் இது, சோப்பு டப்பா மாதிரி இருக்கு?"

"கயாக். இதுல மீன் பிடிக்கப் போறேன்."

"மீனுட்ட சொல்லிட்டியளா?"

ஜெசிந்தா உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவன் இப்படித்தான். அப்புறம் குந்தி உட்கார்ந்து, நீங்கள் இப்போது தட்டப் போனீர்களே, அதே இடத்தில் தட்டினான்.

"வயிறு இருக்கே அத்தான் இதுக்கு."

"எல்லாப் படகுக்கும் இருக்கிறதுதான்."

"கட்டுமரத்துக்கு வயிறே கெடையாது, அது குடிக்காது. எங்க வள்ளத்துக்கு வயிறு தொறந்து கெடக்கு, குடிச்சா கண்ணுக்குத் தெரியும், எறைச்சுருவோம். இது வாய மூடிக்கிட்டுல்லா குடிக்கும்."

நான் அவனுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். மூடின காற்று எவ்வளவு எடையைத் தாங்கும், ஏன் இது முழுகாது, எல்லாம். அவன் கையில் ஒட்டியிருந்த செதிலை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே கேட்டான். கடைசியில் "சரித்தான்" என்றான். அவன் 'சரித்தான்' சொன்னால் ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம் இல்லை. இதெல்லாம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

முதலில் தூண்டில் கம்பு நிறுத்தும் குழாய்கள். அதோ, இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு வட்டம் தெரிகிறதா? துளை போட்டது நான்தான். இரண்டு அங்குலக் குழாய், கழுத்துக்கு நாலு போல்ட். அன்றைக்கும் அவன் வந்தான்.

"ஓட்டையப் போட்டு அடைக்கதுக்கு, போடாமலே இருந்தா என்ன?"

"அப்புறம் தூண்டிலை எங்கே வைக்க?"

"கையில."

அடைப்பதற்குப் படகுப் பசை என்று ஒன்று இருக்கிறது. சொல்லியிருந்தேன், வரவில்லை. குளியலறை ஓட்டு இடுக்கில் பூசுகிற சிலிக்கான் வீட்டில் இருந்தது, அதைப் பூசினேன். சும்மா இல்லை, சோதித்தேன். வடிகால் துளை வழியாக அரை வயிற்றுக்குத் தண்ணீர் நிரப்பி, துளையை மூடி, ஆள் வைத்துக் கவிழ்த்துப் போட்டு, அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அதைப் படம் எடுத்துப் பல் மருத்துவருக்கு அனுப்பினேன். 'பிரமாதம், ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் சிலிக்கான் ஒட்டாதே' என்று பதில் போட்டிருந்தார். பதில் வந்த நேரம் நான் கடலில் இருந்தேன்.

அடுத்தது நங்கூரம். இதைக் கவனமாகக் கேளுங்கள், உங்களுக்கு உபயோகப்படும். நங்கூரக் கயிறு படகின் முன்முனையில்தான் நிற்கவேண்டும். அணியம் என்பார்கள். அப்போதுதான் படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். ஆனால் கயாக்கில் உட்கார்ந்த இடத்திலிருந்து அணியம் கைக்கு எட்டாது. அதற்காகப் பக்கத்தோடு ஒரு கயிற்றை ஓடவிட்டு, இரண்டு முனையிலும் சின்னக் கப்பி போட்டு, நங்கூரத்தை இழுத்து முன்னுக்கு அனுப்புவோம். அந்தக் கப்பி இரண்டும் வந்து சேரவில்லை. சனிக்கிழமை ஆகிவிட்டது. நான் என்ன செய்தேன், கை எட்டுகிற இடத்தில், இருக்கைக்கு வலப்பக்கம், ஒரு கொக்கி முடுக்கி அதில் கட்டினேன். ஒரு தடவைக்குத்தானே என்று. அங்கே ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அப்படிச் செய்ததில்லை சார். செய்யக்கூடாது என்று நாலு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

ஏன் அவசரம் என்று கேட்பீர்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கரையில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. சனி சாயங்காலம் மணலில் ஏற்றின வள்ளம் திங்கள் விடியத்தான் இறங்கும். மற்ற நாளில் போனால் நான்கு பக்கமும் வலை, வள்ளத்துச் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே "என்ன வாத்தியாரே, ஏதும் கெடச்சிச்சா" என்கிற கேலி. ஞாயிறு என்றால் கடல் முழுக்க எனக்கு. அவர்களுக்கு அது தொழில், ஓய்வு வேண்டும். எனக்குப் பொழுதுபோக்கு. அந்தக் கட்டுப்பாடு எனக்கு எப்படிப் பொருந்தும்? அப்படி நினைத்தேன். ஒரு பெரிய விளமீனைக் கொண்டுவந்து, ஒரு பையில் போட்டு, அவன் வீட்டுக் கதவில் மாட்டவேண்டும். உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான் ஆசை.

விடிய நாலரைக்கு எழுந்தேன். ஜெசிந்தாவும் எழுந்தாள். காப்பி போட்டாள், நாலு இட்லியை வாழையிலையில் கட்டித் தந்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. தொழிலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். கடலுக்குக் கிளம்புகிற ஆளிடம் அதெல்லாம் கேட்கக்கூடாது, கேட்டால் ஆகாது என்று ஒரு வழக்கம். எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லலாம் என்று நானும் நின்றேன். வாசலில் இந்தக் கயாக்கை இழுவண்டியில் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக, கயிற்றை இரண்டு தடவை முடிந்தேன். அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். சரி, இவளுக்கு அக்கறை இல்லை போலிருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். சீட்டு எழுதி ஒட்டுகிற நினைப்பு வந்தது. யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கடல் அப்படியே கண்ணாடி. ஜூன் கடைசி, கச்சான் காற்று எழும்புகிற காலம். கச்சான் மேற்கேயிருந்து, கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அதனால் கரையோரம் அலையே இருக்காது. ஊர்க்காரனுக்கு அந்தக் கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும், வெளியே என்ன காத்திருக்கிறது என்று. எனக்கு அழகாக இருந்தது. துடுப்புப் போடுவதும் லேசாக இருந்தது. என் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னாலிருந்து காற்றுதான் தள்ளிக்கொண்டிருந்தது சார்.

மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைத்திட்டு இருக்கிறது, பார் என்பார்கள். அதன்மேல் நங்கூரம் போட்டேன். ஆறரை மணி. பிடித்தது, நன்றாகப் பிடித்தது. இரண்டு தூண்டிலையும் குழாயில் நிறுத்தினேன். ஏழு மணிக்குள் ஒரு பாறை மீன், ஒரு விளமீன். கம்பு வில்லாக வளையும்போது அந்தக் குழாய் லேசாக அசைந்தது. பார்த்தேன். அசையத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

எட்டு மணி இருக்கும். இருக்கை ஈரமாக இருந்தது. அதுவரை ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது தண்ணீர் வந்து போகாமல் நின்றுகொண்டிருந்தது. காற்று ஏறியிருந்தது. கரையைத் திரும்பிப் பார்த்தால் அதே கண்ணாடி, எனக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உடைகிறது. சரி, போதும், கிளம்பலாம் என்று நங்கூரத்தை எடுக்க வலப்பக்கம் சாய்ந்தேன்.

அப்போதுதான் கேட்டது. உள்ளே. எனக்குக் கீழே. யாரோ தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி. நான் சாய்ந்த பக்கமே அதுவும் சாய்ந்தது. சாய்ந்து, நிற்கவில்லை, இன்னும் சாய்ந்துகொண்டே போனது. நான் இடப்பக்கம் எடையைப் போட்டேன். அது ஒரு கணம் யோசித்து, மெதுவாக இந்தப் பக்கம் வந்து, இங்கேயும் நிற்காமல் போனது. நடுவில் நிறுத்த எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது. நடுவில் நின்றதும் நான் அசைவதை விட்டுவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் சார். கழுத்தைத் திருப்பவில்லை. ஒரு ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது, கடலுக்குள் எங்கிருந்து வந்ததோ, ஊதக்கூட இல்லை. சிரிக்காதீர்கள். இல்லை, நீங்கள் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

நங்கூரக் கயிறு வலப்பக்கம் விறைத்துப்போய் நின்றது. காற்று ஒரு பக்கம் தள்ள, நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, ஒவ்வொரு அலைக்கும் கயிறு வலப்பக்க விளிம்பைக் கீழே இழுத்தது. முடிச்சு தண்ணீருக்கு அடியில். கத்தி இருந்தது. நல்ல கத்தி. பின்னால் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. எடுக்கவேண்டுமென்றால் திரும்பவேண்டும். திரும்பினால் உள்ளே படுத்திருப்பது திரும்பும். அப்படியே அறுத்தாலும் என்ன, கச்சான் என்னைக் கொண்டுபோய்ப் பெருங்கடலில் விடும். அறுக்காவிட்டால் கவிழ்க்கும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை. சாவு வரும்போது பழைய நாளெல்லாம் வரிசையாகக் கண்முன் வரும் என்பார்களே, எனக்கு ஒன்றும் வரவில்லை. கத்தியை மேல்சட்டைப் பையில் வைத்திருக்கலாமே, அது மட்டும்தான், திரும்பத் திரும்ப. கத்தியை மேல்சட்டைப் பையில் வைத்திருக்கலாமே.

கைப்பேசி கழுத்தில் நீர்ப்பையில் தொங்கியது. விரலை மட்டும் அசைத்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பயத்தைவிடக் கோபம் இதமாக இருந்தது, அதனால் மூன்றாம் தடவையும் போட்டேன். அப்புறம் ஒரு அலை மேலேறி வந்து, திரையில் எதுவும் தெரியாமல் போய்விட்டது. செபம் சொன்னேன். 'அருள் நிறைந்த மரியே' ஆரம்பித்து நடுவில் வராமல், ஆங்கிலத்தில் பிடித்து, அதிலும் வராமல், கடைசியில் 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்பது மட்டும் வந்தது. அதை விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் சொல்லக்கூடிய வார்த்தையா அது.

காற்று கரையிலிருந்து வந்ததால் கோயில் மணி நன்றாகக் கேட்டது. பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது, எழுந்தேற்றத்துக்கு அடிக்கிற மணி. ஊர் முழுக்க முழங்காலில் இருக்கிறது, கடலில் நான் ஒருவன். ஒரு வள்ளம் கிடையாது, ஒரு வலை கிடையாது. கடல் முழுக்க எனக்கு.

அப்புறம் என்ஜின் சத்தம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். வள்ளம் தெரிந்தது. அணியத்தில் பெல்லார்மின், கோயிலுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு. பின்னால் இரண்டு பேர். எனக்கு உயிர் வந்தது. வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன், எல்லாம் சரி என்கிற மாதிரி. ஒன்றரை மணி நேரம் அசைக்காத கையைத் தூக்கி அதைக் காட்டினேன். வாயைத் திறந்து, "சும்மா நங்கூரம் போட்டிருக்கேன் மாப்ள" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "கையத் தாரும்" என்றான்.

"இதையும் சேத்து இழுத்துரலாமா? உள்ள கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான்."

"கையத் தாரும் அத்தான்."

அவன் குரலில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. கையைக் கொடுக்கத் திரும்பினேன். உள்ளே படுத்திருந்தது எழுந்துவிட்டது. அவ்வளவுதான். வானம் போய்ப் பச்சைத் தண்ணீர். மிதவைச் சட்டை மேலே இழுக்கிறது, காலில் ஏதோ சுற்றிக் கீழே இழுக்கிறது. நங்கூரக் கயிறு, கணுக்காலில். கண்ணைத் திறந்து பார்த்தேன். தலைக்கு மேலே ஒரு முழத்தில் வெளிச்சம், அங்கே போக முடியவில்லை. கத்தினேன் என்று நினைக்கிறேன். தண்ணீருக்குள் கத்தினால் வாய்க்குள்தான் சார் வருகிறது.

பிறகு கயிறு தளர்ந்தது. எப்படித் தளர்ந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. யாரோ தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். வள்ளத்துக்குள் கிடந்து வாந்தி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பெல்லார்மின் சட்டை இல்லாமல் பனியனோடு உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி வலக்கையில் சுற்றி, மடியில் வைத்திருந்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். நனைந்துவிட்டது, கழற்றிவிட்டான் என்று நினைத்தேன். கயாக்கைப் பின்னால் கட்டி இழுத்துவரச் சொன்னதும் அவன்தான். அதை நான் மறுபடி கேட்கவில்லை, கேட்டிருப்பேன், அதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

கரையில் ஊரே நின்றது. பூசை முடிந்தும் முடியாமலும் வந்திருக்கிறார்கள். சாமியார் பூசை உடுப்போடு மணலில் நிற்கிறார். பெண்கள் முக்காடு போட்ட தலையோடு. நான் இறங்கினேன். இத்தனை பேர் முகம் பார்க்க, ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "கச்சான் இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமா எழும்பிருச்சு" என்றேன்.

பெல்லார்மின் என்னைக் கன்னத்தில் அறைந்தான்.

நாற்பத்தெட்டு வயது எனக்கு. அவனைவிட ஆறு வயது மூத்தவன், அவன் அக்காளைக் கட்டியவன். அத்தனை பேர் முன்னால். அதுவும் இடக்கையால் சார். நாயை விரட்டுகிற கையால். ஜெசிந்தா வந்து, ஆபத்துக்கு ஊத என்று என் கழுத்தில் தொங்கின, நான் ஊதவே ஊதாத ஊதலைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். தம்பியை ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க அந்த இடக்கையைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இப்போதும் கன்னத்தில் அந்த இடம் எனக்குத் தெரியும்.

வலக்கை... சொல்கிறேன். நான் கவிழ்ந்து, கயிறு என் காலைப் பிடித்திருந்தபோது, அவன் குனிந்து அந்தக் கயிற்றைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துத் தளர்த்தியிருக்கிறான். கத்தி எடுக்க நேரம் இல்லை. வள்ளம் அலையில் ஏறியது. கயிறு மறுபடி விறைத்து, அவன் விரல்களை வள்ளத்து விளிம்போடு வைத்து... ஆள்காட்டி விரலைப் பாதியில் எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இருக்கிறது, மடங்காது. அவனைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அன்று சாயங்காலம்தான் எனக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? தினம் கயிறு பிடிக்கிறவன். தெரியும். தெரியாமல் இல்லை.

அந்த நேரத்தில் அவன் எப்படி வந்தான் என்பதுகூட எனக்கு எமல்டா சொல்லித்தான் தெரியும், அவன் மனைவி. நான் கிளம்பியதும் ஜெசிந்தா மொட்டைமாடிக்கு ஏறியிருக்கிறாள். இருட்டு பிரிந்ததிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறாள், பூசைக்குப் போகவில்லை. கைப்பேசி அடுக்களையில் கிடந்திருக்கிறது. கயாக்கின் மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிகிறவரை சரி. ஒரு கட்டத்தில், அலைக்கு ஏறி இறங்கவேண்டிய மஞ்சள், ஏறாமல் தண்ணீரோடு தண்ணீராக நின்றதாம். அவள் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறாள். கோயிலுக்குள், ஆண்கள் பக்கம் நடுவே போய், முழங்காலில் இருந்த தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். சாமியார் அப்பத்தைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிற நேரம். அந்தக் கோயிலில் எவரும் அப்படிச் செய்ததில்லையாம். எனக்கு எவ்வளவு தலைகுனிவு பாருங்கள். காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம்.

இல்லை. அதை நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. விடுங்கள்.

இதுதான் சார் கயாக். அந்த இரண்டு துளையையும் முறையாக உருக்கி ஒட்டவேண்டும், உள்ளே தக்கை நிரப்பவேண்டும், வலப்பக்கக் கொக்கியை நானே பிடுங்கிவிட்டேன். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எடுக்காமல் போங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு வருத்தமெல்லாம் அவன் வரவில்லையே என்பதுதான். ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துபோகிற விஷயம். நாற்பது நாள். இரண்டு தெரு.

என்ன கேட்டீர்கள்?

நானா?

நான் போய்ப் பார்த்தேனா என்றா கேட்கிறீர்கள்?

ஜெசிந்தா தினம் போகிறாள். குழம்பு கொண்டுபோகிறாள். வந்து ஒன்றும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இந்த வீட்டில் இப்போது இரண்டு பேரும் கேட்பதில்லை.

ஒரு நாள் போனேன். போகாமல் இல்லை. பத்து நாள் முந்தி, வெயில் சாய்ந்த பிறகு, அவன் தெருமுனை வரைக்கும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். இடக்கையால். மேல் பொத்தானை மாட்டி, இரண்டாவதை மாட்டப் போனால் முதலாவது கழன்றுவிடுகிறது. அவன் திரும்பத் திரும்பப் போடுகிறான். எமல்டா உள்ளேயிருந்து ஏதோ சொல்ல, "இரு, வரும்" என்கிறான். நான் மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். கழுத்தைத் திருப்பவில்லை. அசைந்தால் ஏதோ ஒன்று சரிந்துவிடும் என்பது போல நின்றேன். ஐந்தாவது தடவை பொத்தான் மாட்டியது. நான் திரும்பிவிட்டேன்.

திட்டினால் வாங்கிக்கொள்வேன் சார். இன்னொரு அறை அறைந்தால், எந்தக் கையால் வேண்டுமானாலும், வாங்கிக்கொள்வேன். அவன் அப்படிச் செய்யமாட்டான். எழுந்து நின்று, "வாங்க அத்தான், உக்காருங்க" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளுவான், அந்தக் கையால். அதற்குத்தான் பயமாக இருக்கிறது. கடலில் பயந்தேன், சொன்னேனே, அது அந்த ஒன்றரை மணி நேரத்தோடு போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தினம் நாலரைக்கு எழுப்பிவிடுகிறது.

நீங்கள் வந்த ஆட்டோ நிற்கிறதா? பஸ் நிறுத்தத்துக்கு அவன் தெரு வழியாகவும் போகலாம். கொஞ்சம் சுற்று, ஐந்து நிமிஷம் கூட ஆகும். உங்களுக்கு நேரம் இருந்தால், நீங்களும் வாருங்களேன். அசலூர் ஆள் ஒருவர் கூட இருந்தால் அவனும் சட்டென்று எழுந்து உள்ளே போகமாட்டான், நானும் மின்கம்பத்தோடு திரும்பமாட்டேன். கயாக்கைப் பற்றி அவனிடமே கேளுங்கள், என்னைவிடச் சரியாகச் சொல்வான்.

செருப்பை மாட்டிக்கொள்கிறேன். ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன், எங்கே போகிறேன் என்று. ஒரு நிமிஷம்.

வாசலில் நீங்கள்தான் முதலில் கூப்பிடவேண்டும் சார். 'பெல்லார்மின் இருக்காரா' என்று மட்டும். நான் உங்களுக்குப் பின்னால்தான் நிற்பேன்.